பதினேழாவது வாளி

பம்ப் இரைந்தால் நித்திரை.
நின்றால் விழிப்பு.
சத்தம் அடங்க எழும்பிவிடுகிற உடம்பு இது.
அதன் கதை வேறு, விடுங்கோ.

அன்றிரவு ஒன்று பதினைந்துக்கு
மல்லாவி முழுக்கக் கரண்ட் போனது.
பின்வளவுக் கொட்டிலில்
இருபத்திரண்டு பெயின்ற் வாளி, இருபத்திரண்டு தக்காளி.
நுரைவிட்டுக்கொண்டிருந்த காற்றுக்கல் எல்லாம்
வாய் மூடிக் கிடந்தன.
மண்ணிலென்றால் புழு துளைத்த வழியாலாவது
வேருக்கு மூச்சு வரும்.
வாளிக்குள் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால்தான்.

நான் ஒரு கோப்பை, ஜெயதாரணி ஒரு கோப்பை.
அள்ளி, உயர்த்தி, ஊற்றினோம்.
விழுகிற தண்ணீர்
காற்றைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் விழும்.
இருபத்திரண்டு முடிய மறுபடி ஒன்று.
எட்டுக்குப் பிறகு எனக்கு எண்ணிக்கை பிழைக்கும்,
அவளுக்குப் பிழைக்காது.
நாலரைக்கு பம்ப் இருமியது, பிறகு ஓடியது.
ஈரச் சாரத்தோடு அங்கேயே படுத்துவிட்டேன்.

இது புதுப் படிப்பு எங்களுக்கு.
கிணற்றுத் தண்ணி கேத்திலில் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிற ஊர்.
மீற்றர் ஏழு தசம் ஒன்பது காட்ட
தேசிக்காய்ப் புளி விட்டேன்.
பணிந்தது.
இரண்டாம் நாள் பழையபடி ஏறி நின்றது,
குழாயெல்லாம் வழுவழுப்பு வேறு.
இப்போது குடிக்க வாங்குகிற பில்ற்றர் தண்ணியில்
பாதி எங்களுக்கு, பாதி தக்காளிக்கு.

சித்திரையில் பாசி பிடித்தது.
எங்கேயோ வெளிச்சம் ஒழுகுது என்றாள்.
ஒவ்வொரு வாளியாய்த் தலையில் கவிழ்த்துக்கொண்டு
உச்சி வெயிலில் நின்றேன்.
உள்ளே நட்சத்திரம்!
துளைபோட்டுப் பிழைத்த இடம், கீறல், மூடியின் விளிம்பு.
உள்ளிருந்தே விரலால் தொட்டுக் காட்ட
வெளியே அவள் கறுப்புப் பெயின்ற் அடித்தாள்.
அதற்குமேல் வெள்ளை, வெயிலைத் திருப்பியனுப்ப.
வேலிக்கு அங்கால் யாரோ சிரித்தது கேட்டது.
வாளிக்குள் எல்லாச் சிரிப்பும் பெரிதாய்த்தான் கேட்கும்.

கரண்ட் போன அந்தக் கிழமை கச்சானும் உரத்தது.
தண்ணீர் முப்பத்தொன்று பாகை.
சோடாப் போத்தல்களில் தண்ணி நிரப்பி
மீன்காரர் சூசைமுத்துவின் ஐஸ் பெட்டியில் உறையவைத்து
வாளிக்கொன்றாய் அமிழ்த்தினோம்.
வெண்டிக்காய் வாடின மாதிரி இலை தொங்க
தண்ணி காணாது என்று நினைப்பீர்கள்.
தண்ணிக்குள் நின்றுதான் அது வாடியது.

பதினேழின் மூடியைத் திறந்தேன்.
மட்டை ஊறுகிற கிடங்கின் மணம்.
வேரை உருவ
தோல் என் விரலோடு வந்தது,
நூல் மட்டும் தண்ணியில் நின்றது.

ஹைட்ரஜன் பெரொக்சைட் கேட்க
மருந்துக்கடைப் பெடியன் நிமிர்ந்தான்.
யாருக்கண்ணை காயம்?
தக்காளிக்கு.
சிரிக்கவில்லை அவன்.
இன்னொரு போத்தலும் எடுத்து வைத்தான்.

எல்லா வாளியும் ஒரே குழாயில் கொழுவியிருக்கிறது.
ஒன்றின் அழுகல் இருபத்திரண்டுக்கும் பங்கு.
பதினேழைக் கழற்றி, குழாய்வாயை அடைத்து,
மிச்சத்தில் பழைய தண்ணியைக் கமுக மரத்துக்கு இறக்கி,
பழுப்பை வெட்டி, மருந்தில் கழுவி,
புதுத் தண்ணி, அரைப் பங்கு உரம்.
ஒன்பதும் பதினான்கும் தப்புமா தெரியாது.
மற்றதெல்லாம் இலை நிமிர்த்தின.
பதினேழைச் செடியோடு வேலிக்கு வெளியே எறிந்தேன்.

எறியமுதல் அவள் ஒரு பக்கக் கிளையை
முறித்துவிட்டிருக்கிறாள்.
எனக்குச் சொல்லவில்லை.
இன்று குசினி யன்னலில் ஒரு ஜாம் போத்தல்,
அதன்மேல் என் கறுப்புச் சொக்ஸ்.
சோடி தேடிக் களைத்த சொக்ஸ்.
உருவிப் பார்த்தேன்.
தண்டில் ஐந்தாறு பொட்டு, அரிசிக் குறுணல் அளவு,
வெள்ளை,
சும்மா வெள்ளை இல்லை...

மூடுங்கோ, என்றாள் பின்னால் நின்று.
வெளிச்சம் படுது.